தலைமன்னாருக்கு ஒரு பைக் பயணம்: போற பாதையும் திரும்புற பாதையும்

ஹட்டனில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நாலு பைக், ஆறு பேர். நண்பன் வீட்டு முன் அறையில் போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறந்ததிலிருந்து மலையையும் மிஸ்டையும் பார்த்த கண்ணுக்கு ஒரு தடவையாவது கடலோரமா வண்டி ஓட்டணும். அவ்வளவுதான் ஆசை.

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ32 வீதிதான் எங்கள் தெரிவு. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் தாண்டினால் பூநகரி. பிறகு 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர். முதல் நாள் தலைமன்னார், அடுத்த நாள் ஏ32, மூன்றாம் நாள் வீடு. கணக்கு சுலபம் என்று நினைத்தோம்.

தேத்தண்ணி கொண்டுவந்த அப்பாயி காதில் ஒரே ஒரு ஊர்ப் பெயர்தான் விழுந்திருக்கிறது.

“தலைமன்னாருக்கா போறீங்க?”

“ஆமா அப்பாயி.”

“எப்ப திரும்பி வருவீங்க?”

மூணு நாளில் வந்துடுவோம் என்று சிரித்தோம். அவங்க சிரிக்கவில்லை. தன் சின்ன வயதில் ‘தலைமன்னாருக்குப் போறாங்க’ என்றால் இனி அந்தக் குடும்பத்தைப் பார்க்க முடியாது என்று அர்த்தம் என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் எங்கள் ரூட் பிளான் ஒரு வரலாற்றுக் கட்டுரையாக மாறிவிட்டது.

முதலில் பாதையைப் பாருங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி. அங்கிருந்து ஏ9இல் மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி. மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பி ஏ14இல் செட்டிகுளம், முருங்கன், மன்னார், தலைமன்னார். 300 கிலோமீற்றருக்கு மேல். விடியற்காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம்.

இதே பாதையை எதிர்ப்பக்கமாகப் படித்தால் எங்கள் ஆட்கள் வந்த வழி. 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டதிலிருந்துதான் மலையக வரலாற்றை எண்ணத் தொடங்குகிறோம். கோப்பி விரிய விரிய ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, மன்னார்க் காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். தண்ணீர் இல்லாத வறண்ட காடு. வாந்திபேதி, அம்மை, மலேரியா, பசி, யானை. விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூட வந்தவர்களுக்கும் தெம்பில்லை. பிற்காலத்தில்தான் வழியில் தங்கும் கொட்டில்களும் கிணறுகளும் வந்தன. அதற்குள் எத்தனையோ பேர் அந்தப் பாதையிலேயே புதைந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

2023இல், மலையகம் 200ஐ ஒட்டி, இந்தப் பாதையில் ஒரு நடைபயணம் நடந்தது ஞாபகம் இருக்கும். ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. 16 நாள். தார் ரோட், குடிதண்ணீர், சாப்பாடு எல்லாம் இருந்தும் 16 நாள். நாங்கள் பைக்கில் ஒரு பகலில் கடக்கப்போகும் தூரம் உண்மையில் எவ்வளவு என்பது அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் ‘செலவு’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம், பஞ்சர் செலவு. ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறோம். அவர்களுடைய பயணத்துக்கும் கணக்கு இருந்தது, ஆனால் எழுதியவர் கங்காணி. தோணிக் கூலி, அரிசி, வழிச்செலவு எல்லாமே முற்பணம். தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன்காரர். பிறகு அந்தக் கடனைக் காகிதத்தில் எழுதி, அதைத் தீர்த்தால்தான் வேறு தோட்டம் போகலாம் என்று வைத்தார்கள். அதுதான் துண்டு முறை. 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. வழிச்செலவை யார் கையால் எழுதுகிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

ஒரு விஷயம் நாங்களும் தெரியாமல்தான் இருந்தோம். கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பகுதி திரும்பிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள் வேண்டும். பழம் பறித்து முடிந்ததும் கையில் மிஞ்சியதோடு அதே காட்டு வழியில் ஊருக்கு நடப்பார்கள். அதாவது அவர்களுக்கும் ஒரு ‘ரிட்டர்ன்’ இருந்தது. 1869இல் தெரியவந்த இலை நோய் கோப்பியை அழித்தது. 1867இலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்கணும். குடும்பத்தோடு லயத்தில் தங்கணும். பயிர் மாறியதும் திரும்பும் பாதை அடைபட்டுப் போனது.

1884இல் கோச்சி ஹட்டனுக்கு வந்தது. 1914இல் பாம்பன் பாலமும் மதவாச்சி – தலைமன்னார் ரயில் பாதையும் திறந்த பிறகு தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலில் வந்து, ரயிலேறி மலைக்குப் போகலாம் என்றானது. நடை போனது. மண்டபம் முகாமில் உடம்பைப் பரிசோதித்து, மருந்து தெளித்து அனுப்பும் வழக்கம் வந்தது.

அப்பாயி சொன்ன தலைமன்னார் இதற்கும் அடுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். மளிகைச் சாமான் பிரிக்கிற மாதிரி.

அதே 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல்தான் ஆட்களை ஏற்றிப் போனது. ஹட்டன் ஸ்டேஷனில் பெட்டியும் பானையுமாக ஏறுவார்கள். போகிற அக்காளும் நிற்கிற தங்கச்சியும் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அந்த ரயிலுக்கு சனங்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. செத்த வீட்டில் வைக்கிற ஒப்பாரி, உயிரோடு போகிறவங்களுக்கு. ‘தாயகம் திரும்புதல்’ என்று காகிதத்தில் எழுதினார்கள். போனவர்களில் பலர் பிறந்தது இங்கே. ‘தாயகத்தை’ முதல் தடவையாக அப்போதுதான் பார்க்கப் போனார்கள். பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடி தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அப்பாயியின் சொந்த அக்காவும் அதில் ஒருத்தர். 1980களில் யுத்தத்தோடு கப்பலும் நின்றது. எங்கள் வீட்டில் இந்தக் கதையை யாரும் உட்கார்ந்து சொல்லியதில்லை. ஒரு பைக் பயணம் பேசப் போய்த்தான் வெளியே வந்தது.

ஏ32இன் அர்த்தமும் அதோடு மாறியது. 1958, 1977, 1983 கலவரங்களில் தோட்டங்களிலிருந்து அடிபட்டு ஓடியவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். பிறகு யுத்தத்தில் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தார்கள். நாங்கள் ‘சீனரி’ என்று குறித்து வைத்த வன்னியில் எங்கள் சொந்தக்காரர்களின் மூன்றாம் தலைமுறை வாழ்கிறது. எனவே பிளானில் திருத்தம்: இரண்டாம் நாள் பாதி நேரம் ஃபோட்டோவுக்கு இல்லை, ஆட்களைப் பார்க்க.

சரி, நீங்களும் போகணும் என்றால் சில குறிப்புகள். மாசி, பங்குனி நல்லது. வடகீழ்ப் பருவ மழை முடிந்திருக்கும், தென்மேற்குக் காற்று தொடங்கியிருக்காது. அந்தக் காற்றில் மன்னார்த் தீவில் பைக்கை நேராகப் பிடிப்பதே கஷ்டம். காற்றாலைகளை சும்மா அங்கே நடவில்லை. சிவராத்திரி நாட்களில் திருக்கேதீஸ்வரத்துக்குக் கூட்டம் வரும், தங்க இடம் கிடைக்காது. கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் இறங்குங்கள். மன்னார் ரோட்டில் கழுதைகள் குறுக்கே நிற்கும். அவசரப்படாதீங்க, அவைக்கு அவசரமில்லை. மன்னாருக்குத் தெற்கே அரிப்புக்கும் ஒரு எட்டுப் போங்க. ஆங்கில ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிந்த சுவர்கள் கடலோரம் நிற்கின்றன. சனங்கள் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். ஆளுநர் தங்கிய வீட்டுக்குச் சுவராவது மிஞ்சியிருக்கிறது. அதே கரையில் இறங்கி நடந்தவர்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

எங்கள் பிளானில் கடைசியாக மாறியது திரும்பும் வழி. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9இல் நேரே வீட்டுக்கு ஓடிவிடுவதாகத்தான் இருந்தது. இப்போது மதவாச்சியிலிருந்து மாத்தளை வரைக்கும் மெதுவாக, அவர்கள் நடந்த திசையிலேயே வரப்போகிறோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தி ஒரு கற்பூரம். பெயர் தெரியாதவர்களுக்கு வேறு என்ன செய்வது?

பிறகு ஹட்டன். லயத்துக்குத்தான் திரும்பப்போகிறோம், அதை மறைக்க ஒன்றுமில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தது. நிற்கிற நிலம் இன்னும் எங்களில் பலர் பெயரில் இல்லை. 200 வருஷமாக ஒரு பாதையின் இரண்டு முனையிலும் ஆட்களை இறக்கி ஏற்றியவர்கள் இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்பாயிக்கு நாங்கள் சொல்லிவிட்டோம். காலண்டரில் கிளம்புகிற நாளை விட்டுவிட்டு, திரும்பி வருகிற நாளைத்தான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறோம். தலைமன்னாரிலிருந்து என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டோம். “கொஞ்சம் கருவாடு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் கப்பல் நின்ன எடத்த ஒரு படம் புடிச்சிட்டு வாங்க” என்றார்.