கார்ன்வாலிஸ் கோட்டையும் சிப்பாயின் தோட்டாப் பையும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு வருகிறவர்கள் கார்ன்வாலிஸ் கோட்டையில் தவறாமல் நின்று படம் எடுத்துக்கொள்வது ஸ்ரீ ரம்பை பீரங்கியின் பக்கத்தில்தான். 1603-இல் வார்க்கப்பட்ட அந்த வெண்கலப் பீரங்கியை டச்சுக்காரர்கள் ஜொகூர் சுல்தானுக்குக் கொடுத்தார்கள். ஆச்சே படை அதைக் கைப்பற்றிக்கொண்டு போனது. பிறகு அது சிலாங்கூருக்கு வந்தது. 1871-இல் ஆங்கிலேயர் கையில் சிக்கிப் பினாங்கு வந்து சேர்ந்தது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதற்குப் பூ வைத்து வணங்கியதும் உண்டு.

ஒரு பீரங்கிக்கு இவ்வளவு கதை நினைவில் இருக்கிறது. அதே கோட்டையில் காவல் நின்ற சிப்பாயின் இடுப்பில் தொங்கிய தோல் பையைப் பற்றிப் பேசுவார் குறைவு. ஆனால் குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் காலத்தில் அந்தப் பை நனைந்தால் துப்பாக்கி வெறும் தடிதான்.

ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் 1786 ஜூலையில் பினாங்குத் தீவில் இறங்கி, ஆகஸ்ட் 11-ஆம் தேதி அதைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாக அறிவித்தார். முதலில் எழுந்தது நிபோங் பனையின் அடிமரங்களை நட்டு அமைத்த வேலிக் கோட்டை. 1791 ஏப்ரலில் தீவை மீட்கக் கெடா சுல்தானின் படை எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரில் திரண்டபோது, லைட் சுமார் நானூறு பேருடன் விடியற்காலையில் பாய்ந்து அதைக் கலைத்தார். அடுத்த மாதமே, சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னர் 1804 முதல் இந்தியக் கைதிகளின் உழைப்பில் செங்கல் கோட்டை எழுந்தது. அந்தக் கோட்டை ஒரு போரையும் கண்டதில்லை.

சண்டை இல்லாத கோட்டையிலும் சிப்பாய்க்கு வேலை ஓயாது. அவன் தோளில் சுமந்தது கம்பெனிக்கென்றே உருவான 'இந்தியா பேட்டர்ன்' துப்பாக்கி. அதன் குழல் 39 அங்குலம், எடை நான்கு கிலோவுக்கும் மேல். போர்க்காலத் துப்பாக்கித் தட்டுப்பாட்டில் 1790-களில் பிரிட்டிஷ் தரைப்படையே இதை எடுத்துக்கொண்டது. இடது தோளிலிருந்து குறுக்கே இறங்கும் வாரில், வலது இடுப்பை ஒட்டி, தோட்டாப் பை தொங்கும். உள்ளே துளைகள் குடைந்த ஒரு மரக்கட்டை, ஒவ்வொரு துளையிலும் ஒரு காகிதத் தோட்டா. குண்டும் மருந்தும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டிக் கட்டியதுதான் தோட்டா. அதோடு மாற்றுச் சக்கிமுக்கிக் கற்கள், பற்றுவாயின் அடைப்பைக் குத்தி எடுக்க ஒரு கம்பி, கரி துடைக்க ஒரு சிறு தூரிகை.

சுடுவதற்கு முன் தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைக் கிண்ணத்தில் ரஞ்சகமாக இட்டு மூடி, மிச்சத்தைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் மேலே தள்ளிக் கம்பியால் இறுக்க வேண்டும். பிறகு குதிரையை இழுத்துக் குறி பார்க்க வேண்டும். தேர்ந்த சிப்பாய் இவ்வளவையும் நிமிடத்துக்கு மூன்று முறை செய்வான்.

பினாங்கு போன்ற மழைத்தீவில் இது எளிதன்று. ஈரக்காற்றில் மருந்து கட்டிதட்டும், தோல் பூஞ்சை பிடிக்கும், தையல் நூல் இற்றுப்போகும். அதனால்தான் பையின் மூடி பையையே மறைக்கும் அளவுக்குப் பெரிதாக வெட்டப்பட்டது. மேலே கறுப்பு மெழுகு தேய்த்து மெருகேற்றினார்கள். மெருகு அணிவகுப்பில் பளபளக்கவும் செய்தது, மழைநீர் உள்ளே இறங்காமலும் காத்தது. கோட்டைக்குள் இன்றும் நிற்கும் மருந்துக் கிடங்கின் தடித்த சுவர்களுக்கும் காரணம் இதே மருந்துதான். அந்தக் காலத்து மருந்துக் கிடங்குகளில் தீப்பொறிக்கு அஞ்சி இரும்புக்குப் பதில் மரமும் செம்பும் புழங்கின. மருந்து அடியில் தங்கிக் கெட்டியாகாமல் இருக்கப் பீப்பாய்களை அவ்வப்போது புரட்டிப்போட்டார்கள்.

தமிழர்கள் இந்தக் கதைக்குள் இரண்டு வழியாக வந்தார்கள்.

முதல் வழி விலங்கோடு வந்தது. கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் பக்கம் நின்ற எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயதுதான் இருக்கும். ஈட்டி, வளரி, திரித் துப்பாக்கி என்று போரிட்ட பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டு, ஆயுதங்களுக்கும் தடை வந்தது. துப்பாக்கி பழுது பார்த்தவர், மருந்து இடித்தவர், மருந்துப் பை தைத்தவர் எல்லாருடைய தொழிலும் அந்தத் தடையோடு ஒடுங்கியது.

தூத்துக்குடியில் துரைசாமியைக் காவலில் வைத்திருந்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். ஒரு காலத்தில் சின்ன மருதுவிடமே வளரி எறியக் கற்றவர் அவர். 1818-இல் அவர் பினாங்கு வந்தபோது, வயதுக்கு மீறி முதிர்ந்த ஒருவர் எதிரே நின்று தன் பெயரைச் சொன்னார். அவர்தான் துரைசாமி. 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டாம் வழி சீருடையோடு வந்தது. தொடக்கத்தில் வங்காளச் சிப்பாய்களும் பின்னர் மதராஸ் தரைப்படையினரும் பினாங்கில் காவல் இருந்தார்கள். மதராஸ் படைகளில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்தார்கள். ஜார்ஜ் டவுனில் இன்றும் சிப்பாய் லைன்ஸ் என்ற பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

இந்தச் சிப்பாய்களுக்குத் தோல் சாதாரணப் பொருள் இல்லை. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூரில் வெடித்த கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் வைக்கச் சொன்ன தோல் குஞ்சம். இடுப்பில் தோல் பையைச் சுமந்தவர்கள் தலையில் தோலை ஏற்க மறுத்தார்கள். உடலில் எந்தப் பொருள் எங்கே படலாம் என்பதில் அவர்களுக்குத் தெளிவான எல்லை இருந்தது. மேலதிகாரிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. கிளர்ச்சிக்குப் பின் மதராஸ் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் தளபதி கிராடக்கும் பதவி இழந்தார்கள். 1857-இல் வடக்கே என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்பு பற்றவைத்த தீயும் இதே வகைதான். அதுவும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிதான், பல்லால் கடிக்க வேண்டிய தோட்டாதான்.

சக்கிமுக்கிக் கல்லின் காலம் 1840-களில் முடியத் தொடங்கியது. தட்டினால் வெடிக்கும் செம்புத் தொப்பிகள் வந்தன, அவற்றுக்கென்று சிப்பாய்க்கு இன்னொரு சிறு பையும் வந்தது. 1866-இல் பின்பக்கம் கெட்டிக்கும் ஸ்னைடர் துப்பாக்கியை பிரிட்டிஷ் தரைப்படை ஏற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி, பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கையைவிட்டு லண்டன் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயின. பழைய துப்பாக்கியும் பழைய ஆட்சியும் ஏறக்குறைய ஒன்றாகவே விடைபெற்றன.

தமிழகத்தில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் கைவேலை இன்னும் நூறாண்டு நீடித்தது, நரிக்குறவர்களிடம். மருந்தை அளந்து கொட்டி, தேங்காய் நாரை வைத்து அடைத்து, ஈயச் சில்லுகளைக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியும் தோளில் தொங்கும் பையும் அவர்களின் அடையாளமாகவே இருந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்த பிறகு, அவர்கள் வாழ்க்கை பாசிமணி விற்பனையை நம்பியதாக மாறியது.

பழைய தோல் பையை மீட்பது பொறுமை கேட்கும் வேலை. மரப்பட்டையால் பதனிட்ட பழந்தோல் செம்பொடியாக உதிரும். பரிவோடு எண்ணெய் பூசினால் அது கறுத்து இறுகிவிடும். மென்தூரிகையால் தூசு நீக்கி, உள்ளே தாங்கல் கொடுத்து, அறுந்த தையலைப் பழைய துளைகளின் வழியாகவே திரும்பத் தைப்பதுதான் முறை. புதிதாகச் செய்து காட்ட வேண்டுமானால் அதற்கான அறிவு தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல், தேன்மெழுகு தேய்த்த நூல், குத்தூசி, இரட்டை ஊசித் தையல் ஆகியவை திண்டுக்கல், ஆம்பூர் வட்டாரங்களின் தோல்காரர்களுக்குப் புதியவை அல்ல.

ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 1920-களில் தூர்க்கப்பட்ட கோட்டை அகழியை மீட்கும் பணி அண்மை ஆண்டுகளில் நடந்திருக்கிறது. கல்லுக்கும் வெண்கலத்துக்கும் காட்டும் இந்த அக்கறை தோலுக்கும் காகிதத்துக்கும் மரக்கட்டைக்கும் கிடைக்க வேண்டும். மருந்துக் கிடங்கின் அருகே, கையால் தைத்த ஒரு தோட்டாப் பையும் அதைத் தமிழில் விளக்கும் பலகையும் வைப்பது பெரிய செலவில்லை. பினாங்கின் தமிழ் அமைப்புகள் இதைக் கோரிக்கையாக எடுத்துச் செல்ல வேண்டும்.