தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்களும் வரலாற்றுத் தலங்களும்

தமிழ்நாட்டில் ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையிலுள்ள இந்திரா காந்தி தேசியப் பூங்கா, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மாமல்லபுரம், சோழர் பெருங்கோயில்கள், நீலகிரி மலை ரயில், செஞ்சிக் கோட்டை ஆகியவை இடம்பெற்றுள்ளன. காட்டுக்கு ஒரு பயணம், கோயிலுக்கு இன்னொரு பயணம் என்று பிரித்துச் செல்வதே பெரும்பாலோர் வழக்கம். ஆனால் இவை பல இடங்களில் ஒரே வட்டாரத்தில் அமைந்துள்ளன. பூங்காக்களுக்குள்ளும் மனிதரின் வரலாறு பதிந்திருக்கிறது. ஆகவே வட்டாரம் வட்டாரமாகச் சென்று பார்ப்பதே பயனுள்ள முறை.

சென்னையும் சுற்றுப்புறமும்

கிண்டி தேசியப் பூங்கா சென்னை மாநகரின் நடுவே ஆளுநர் மாளிகையை ஒட்டி அமைந்தது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட இது நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. வெளிமானும் புள்ளிமானும் இங்கு வாழ்கின்றன. பொதுமக்கள் எளிதில் செல்லக்கூடியது இதையொட்டிய சிறுவர் பூங்காவுக்குத்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் மாமல்லபுரம். பல்லவர் காலத்து ஒற்றைக்கல் ரதங்கள், அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் ஆகியவை 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. அங்கிருந்து மேற்கே உள்ள, பறவைகள் கூடும் வேடந்தாங்கல் ஏரியையும் இதே பயணத்தில் சேர்க்கலாம். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊர் மக்கள், சட்டங்கள் வருவதற்கு முன்பே இப்பறவைகளைக் காத்து வந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டை, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகள் அடங்கிய தொகுதியில் ஒன்றாக 2025இல் பட்டியலில் சேர்ந்தது. அத்தொகுதியில் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை இதுதான்.

நீலகிரி

இரண்டு தேசியப் பூங்காக்களும் ஒரு பாரம்பரிய ரயில் பாதையும் ஒரே மாவட்டத்தில் அமைந்த இடம் இது. முதுமலை 1940இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சொந்த வாகனத்தில் காட்டுக்குள் சுற்ற முடியாது. வனத்துறை வாகனத்தில்தான் செல்ல வேண்டும். தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்கு உணவளிப்பதைக் காணலாம். ஆஸ்கர் விருது பெற்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் இம்முகாமின் யானைக்குட்டிகளையும் அவற்றை வளர்த்த தம்பதியையும் பற்றியது.

முக்கூர்த்தி, மாநில விலங்கான வரையாட்டின் முதன்மையான வாழிடங்களுள் ஒன்று. சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும் இம்மலை, தோடர் பழங்குடி மக்களின் நம்பிக்கைகளோடு நெருங்கியது. 2012இல் உலகப் பாரம்பரியமான மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இதுவும் அடங்கும். உள்ளே செல்ல வனத்துறையின் முன்அனுமதி வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை சுமார் 46 கிலோமீட்டர் ஓடும் மலை ரயில் 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் திறக்கப்பட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ரயில் ஏறுகிறது.

ஆனைமலை

இந்திரா காந்தி தேசியப் பூங்காவைக் காண, பொள்ளாச்சி வழியாக மலைமேலுள்ள டாப்சிலிப் செல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்டுவதற்காக இங்கு தேக்கு பெருமளவில் வெட்டப்பட்டு, மலையுச்சியிலிருந்து சரித்துவிடப்பட்டது. மொட்டையான சரிவுகளில் தேக்கை மீண்டும் வளர்த்த வன அதிகாரி ஹியூகோ வுட் 1933இல் மறைந்தார். அவருடைய கல்லறை தேக்குகளின் நடுவே இருக்கிறது. காடர், மலசர், முதுவர் உள்ளிட்ட பழங்குடிகள் இம்மலையில் வாழ்கிறார்கள். அழிவும் மீட்பும் ஒருசேரத் தெரியும் இக்காட்டை ஒரு வரலாற்றுத் தலமாகவும் பார்க்க வேண்டும்.

காவிரிப் படுகை

இங்கு தேசியப் பூங்கா இல்லை. முதலாம் இராசராசன் 1010இல் நிறைவுசெய்த தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இலும் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இக்கோயில்களைப் பார்த்தபின் கோடியக்கரை சரணாலயத்துக்குச் சென்றால் வெளிமான்களையும், குளிர்காலத்தில் வலசை வரும் பூநாரைகளையும் காணலாம்.

மன்னார் வளைகுடா

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைகளும் கடற்புல்லும் அதை மேயும் கடற்பசுவும் இதன் சிறப்பு. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டதால் தீவுகள் அலைக்கு எதிரான அரணை இழந்தன. இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியரின் கொற்கைத் துறை இக்கரையில்தான் இருந்தது. இராமேசுவரம் கோயிலின் நெடும் பிரகாரம், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி ஆகியவற்றை ஒரே பயணத்தில் காணலாம்.

பருவமும் விதிமுறைகளும்

கடலோரத்திலும் காவிரிப் படுகையிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். மேற்கு மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை அதிகம். சமவெளிக் கோயில்களுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. கோடையில் காட்டுத்தீ அபாயம் மிகும்போது காடுகளில் சுற்றுலா நிறுத்தப்படுவதுண்டு. நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. அங்கு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கும் தடை உண்டு.

ஒரே விடுமுறையில் ஐந்து பூங்காக்களையும் ஓடிப் பார்க்க முனைவதைவிட, ஒரு வட்டாரத்தைத் தேர்ந்து அதன் காட்டையும் கல்லையும் நிதானமாகக் காண்பதே நல்லது. புறப்படுமுன் பூங்கா திறந்திருக்கிறதா, அனுமதி தேவையா என்று வனத்துறையிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.