பெயர் மாறிய பழம்

சென்ற குளிர்காலத்தில் தில்லியில் ஒரு பழக்கடை வாயிலில் நின்றிருந்தேன். உடன் வந்த நண்பரின் சிறுமகள், பழுப்பு நிறத்தில் மெல்லிய உரோமம் படர்ந்திருந்த ஒரு பழத்தைக் கையிலெடுத்து, "மாமா, இது எந்த ஊர்ப் பழம்?" என்று கேட்டாள். கடைக்காரர் முந்திக்கொண்டு, "கிவி, நியூஸிலாந்துப் பழம்" என்றார். அந்த விடை பாதி உண்மையே. மற்றப் பாதி உண்மையைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இப்பழத்தின் தாயகம் சீனம். தாங் வமிசத்தார் ஆண்ட எட்டாம் நூற்றாண்டிலேயே, முற்றத்துக் கிணற்றருகில் பந்தலேறி நின்ற இக்கொடியைக் கவிஞர் சென் ஷென் பாடியிருக்கிறார். சீனர் இதற்கு இட்ட பெயர் 'மீஹௌதாவ்'. 'குரங்குப் பீச்சுப்பழம்' என்பது அதன் பொருள். எனினும் மலைக்காடுகளில் தானே விளைந்த கனியைப் பறித்து உண்டார்களேயன்றி, சீன மக்கள் நெடுங்காலம் இதைப் பெருந்தோட்டப் பயிராக வளர்க்கவில்லை.

1904ஆம் ஆண்டில் இதன் வரலாறு திசை திரும்பியது. நியூஸிலாந்தின் வாங்கனூயி நகரத்துப் பெண்கள் கல்லூரித் தலைமையாசிரியை இஸபெல் பிரேஸர் அம்மையார், யாங்ஸி நதிக்கரையிலுள்ள யீசாங் நகரில் சமயப் பணியாற்றிய தம் சகோதரியைக் கண்டு திரும்புகையில் சிறிது விதை கொண்டுவந்தார். அவ்விதை அலெக்ஸாண்டர் அலிஸன் என்பவரிடம் போய்ச் சேர, 1910இல் அவர் தோட்டத்துக் கொடிகள் காய்த்தன.

இதில் இயற்கையின் அருளும் இருந்தது. ஆக்டினிடியா என்னும் இக்கொடியினத்தில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. நம் பனையில் ஆண்பனை, பெண்பனை என்று இருப்பது போலத்தான். பெண்பூவிலும் மகரந்தம் காணப்படும். ஆனால் அது கருத்தரிக்கச் செய்யும் ஆற்றலற்றது. ஆண்கொடியின் மகரந்தத்தைத் தேனீயோ காற்றோ கொண்டு சேர்த்தாலன்றிக் காய் பிடிக்காது. எனவே தோட்டக்காரர்கள் பல பெண்கொடிகளுக்கு நடுவே ஓர் ஆண்கொடி என்ற கணக்கில் நடுகிறார்கள். அக்காலத்தில் வேறு மேலைநாடுகளுக்குச் சென்ற கொடிகளுள் சில ஆண்கொடிகளாகவே அமைந்து பலனின்றிப் போயின. வாங்கனூயியிலோ இரண்டும் அமைந்தன. பின்னர் 1920களில் ஆக்லந்து நாற்றுப்பண்ணையாளர் ஹேவர்ட் ரைட் தேர்ந்தெடுத்த வகை, பெரிய பழமும் நல்ல சுவையும் உடையதாய், குளிரறையில் பல மாதங்கள் கெடாமல் இருப்பதாய் விளங்கியது. பச்சைக் கிவியில் இன்றும் உலகெங்கும் பரவலாகப் பயிராவது அவர் பெயர் தாங்கிய வகையே.

இனிப் பெயரின் கதைக்கு வருவோம். மொழிபெயர்ப்பே தொழிலான எனக்கு இப்பகுதியில் பற்று மிகுதி. நியூஸிலாந்தார் முதலில் இதைச் 'சீன கூஸ்பெரி' என்றழைத்தார்கள். இதைச் 'சீன நெல்லி' என்று நான் மொழிபெயர்த்திருந்தால் பிழை இரட்டிப்பாகியிருக்கும்! கூஸ்பெரிக்கும் இதற்கும் உறவில்லை. கூஸ்பெரிக்கும் நம் நெல்லிக்கும் உறவில்லை. 1959இல் அமெரிக்காவுக்குப் பழம் அனுப்பத் தொடங்கியபோது, இப்பெயர் விலைபோகாது என்று அங்குள்ள இறக்குமதியாளர் கருதினார். 'மெலனெட்' என்ற பெயரை ஆலோசித்தார்கள். முலாம்பழத்தை நினைவூட்டும் அப்பெயருக்கும் தடை எழுந்தது. முலாம்பழத்துக்கு அங்கே இறக்குமதி வரி அதிகம். இறுதியில் ஆக்லந்து வணிக நிறுவனமான டர்னர்ஸ் அண்டு குரோவர்ஸ், தம் நாட்டின் பறக்கவியலாப் பழுப்புப் பறவையின் மாவோரிப் பெயரைப் பழத்துக்குச் சூட்டியது. இவ்வாறு பிறந்ததே 'கிவிப் பழம்'.

ஆனால் சூட்டிய பெயரும் சூட்டியவரிடம் தங்கவில்லை. இத்தாலியும் சிலியும் அதே பெயரில் பழம் விற்கத் தொடங்கின. தம் பழத்தை வேறுபடுத்திக் காட்ட, நியூஸிலாந்தார் 1997இல் 'ஸெஸ்பிரி' என்ற புது வணிகப் பெயரைப் படைக்க நேர்ந்தது. இன்னும் வியப்பு, சீனத்திலேயே இறக்குமதிப் பழம் 'விந்தைக் கனி' எனப் பொருள்படும் வேறொரு பெயரில் விற்பனையாகிறது. 'கிவி' என்ற ஒலியைத் தழுவிய பெயர் அது. தாய்வீடு திரும்பிய பிள்ளையைத் தாயே விருந்தினராக வரவேற்பது போன்றது இது! இன்று உலகில் இப்பழத்தை மிகுதியாக விளைவிக்கும் நாடும் சீனமே.

நம் நாட்டில் 1960இல் பெங்களூர் லால்பாக்கில் இக்கொடியை நட்டார்கள். குளிர்காலத்தில் போதிய குளிர் பெற்றாலன்றி இது செவ்வனே பூக்காது. அங்கே பலன் கிட்டவில்லை. 1963இல் ஸிம்லாவில் நட்ட கொடிகளோ காய்த்தன. இன்று இமாசலத்திலும், சிக்கிம், நாகாலந்து, அருணாசலம் ஆகிய மாநிலங்களின் மலைச்சரிவுகளிலும் இது பயிராகிறது. அருணாசலத்து ஜீரோ பள்ளத்தாக்கு இதற்குப் பெயர் பெற்றது.

இதன் பயனும் சிறிதன்று. நூறு கிராம் பச்சைக் கிவியில் ஏறத்தாழ 90 மில்லிகிராம் வைட்டமின் 'ஸி' உண்டு. ஆரஞ்சில் உள்ளதைக் காட்டிலும் இது அதிகம். இல்லத்தரசிகளுக்கு ஓர் எச்சரிக்கை: புரதத்தைச் சிதைக்கும் 'ஆக்டினிடின்' என்னும் பொருள் இதில் இருப்பதால், பச்சைப் பழத்தைப் பாலில் கலந்து வைத்தால் சற்று நேரத்தில் கசந்துவிடும். இறைச்சியை மென்மையாக்கவும் அதே பொருள் உதவுகிறது.

நம் மொழிக்கும் வந்தேறிக் கனிகள் புதியன அல்ல. அன்னாசியும் கொய்யாவும் பிறமொழிப் பெயரைச் சுமந்தே வந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய்க்கோ நம் மிளகின் பெயரையே ஈந்தோம். வெளிமாநிலங்களில் வாழும் நமக்கும் இது பழக்கமானதே. அண்டை அயலார் தம் நாவுக்கு எளிதாக நம் பெயரைச் சுருக்கிக்கொள்வதை நாமும் சிரித்து ஏற்றுக்கொள்கிறோம். புதுப் பெயரைச் சுமப்பதில் இழுக்கில்லை. பழைய பெயரை மறப்பதே இழப்பு.

அன்று அக்குழந்தைக்கு நான் சொன்ன விடை இதுதான்: "பிறந்த ஊர் சீனம், வளர்ந்த ஊர் நியூஸிலாந்து, உன் கையிலிருப்பது ஒருவேளை அருணாசலத்தில் விளைந்ததாகவும் இருக்கலாம்." அவள் சற்றே யோசித்துவிட்டு, "அப்படியானால் என்னைப் போலத்தான்!" என்றாள். தஞ்சாவூரில் பிறந்து, பம்பாயில் நடை பயின்று, தில்லியில் பள்ளிக்குச் செல்பவள் அவள்.