மீரியபெத்தை: தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையில்

பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தை நகருக்கு மேலே உள்ள மலைச்சரிவில் மீரியபெத்தை அமைந்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, தோட்டத்தில் வேலை தொடங்கும் நேரத்தில், மேலிருந்து சரிந்த மண் அங்கிருந்த லயன் வரிசைகளையும் கோயிலையும் மூடியது. பாடசாலைக்குக் கிளம்பியிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். வீட்டிலிருந்தவர்கள் பலர் தப்பவில்லை. புதையுண்டவர்களில் பலரது உடல்கள் இன்றுவரை மீட்கப்படவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஒக்டோபரிலும் மீரியபெத்தை நினைவுகூரப்படுகிறது. ஆனால் அந்த அனர்த்தத்தை மழையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அங்கு மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், ஆபத்து என்று தெரிந்தும் ஏன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை, நகர்ந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்விகளுக்கான பதிலில், மலையகத்தின் நூற்றுக்கணக்கான தோட்டப் பிரிவுகளின் நிலையும் அடங்கியிருக்கிறது.

தெரிந்திருந்த ஆபத்து

மீரியபெத்தை மண்சரிவு அபாயம் உள்ள இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்பது அந்த எச்சரிக்கையின் சாரம். ஆனால் எங்கே போவது என்பதற்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை. லயன் அறை தொழிலாளியின் சொத்தல்ல. அது வேலையோடு சேர்ந்து வந்த இருப்பிடம். அதை விற்று வேறொரு காணி வாங்க முடியாது. நிலம் அரசுக்குச் சொந்தம், குத்தகையும் நிர்வாகமும் கம்பனியிடம். எனவே “வெளியேறுங்கள்” என்ற அறிவுறுத்தலுக்குப் பின்னால் நிலமும் வீடும் பணமும் இல்லாதபோது, அது தோட்ட அலுவலகக் கோப்பில் இருக்கும் ஒரு தாளாகவே முடிந்துவிடுகிறது.

மண்சரிவு எப்படி ஏற்படுகிறது என்பதையும் சுருக்கமாகப் பார்க்க வேண்டும். ஊவாவின் இந்தச் சரிவுகளில் பாறைக்கு மேலே, காலங்காலமாக மேலிருந்து உருண்டு வந்து படிந்த தளர்வான மண்ணும் கற்களும் தடிப்பாக இருக்கின்றன. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும் அதைத் தொடரும் வடகீழ் பருவ மழையும் இந்த மண்ணுக்குள் இறங்கும்போது அதன் எடை கூடுகிறது. பாறையோடு அதற்குள்ள பிடிப்பு குறைகிறது. தேயிலை மலைகளில் குறுக்காகக் கான் வெட்டி மழைநீரை வழிநடத்துவது பழைய வழக்கம். கான்கள் தூர்ந்து போனால் நீர் மேற்பரப்பில் ஓடாமல் மண்ணுக்குள் இறங்கும். கான் வெட்டுவதற்கும் துப்புரவு செய்வதற்கும் ஆட்கள் குறைந்துபோன தோட்டங்களில் இந்த ஆபத்து அதிகம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், உடனே வெளியேற வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரென்று கலங்கி ஓடும் அல்லது வற்றிப்போகும் ஊற்று ஆகியவை மழைமானி இல்லாமலே தெரியும் அடையாளங்கள். இவை தெரிந்தால் அறிவித்தல் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

லயன் வாழ்க்கை

லயன்கள் பிரித்தானியர் காலத்தில் வேலையாட்களைத் தங்கவைக்கக் கட்டப்பட்டவை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகவோ, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாகவோ அறைகள். ஒரு குடும்பத்துக்குச் சிறிய ஓர் அறையும் முன்பக்கத்தில் ஒடுங்கிய இஸ்தோப்பும். இரண்டு, மூன்று தலைமுறைகள் அதற்குள்ளேயே வாழ்ந்து, தகரமும் பலகையும் கொண்டு இடத்தை நீட்டிக்கொண்டன. தண்ணீர் பெரும்பாலும் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாகவோ பீலி வழியாகவோ வருகிறது. ஊற்று வற்றினால் குடம் தூக்குவது பெண்களின் வேலை.

சுகாதாரம் தோட்ட வைத்திய உதவியாளரிலும் சிறிய மருந்தகத்திலும் தங்கியிருக்கிறது. அவசர நோயாளியைப் பிரதான வீதி வரை கொண்டுவருவதற்கே தோட்ட லொறியையோ ஆட்டோவையோ தேட வேண்டும். இதன் விளைவுகள் தேசியத் தரவுகளில் தெரிகின்றன. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17.3 சதவீதம்; தோட்டத்துறையில் 31.7 சதவீதம். 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின அளவீட்டில் நாட்டின் வறுமை வீதம் 14.3 ஆக இருந்தபோது தோட்டத்துறையில் அது 33.8 ஆக இருந்தது. அதற்குப் பின்னர் வந்த பொருளாதார நெருக்கடி இந்த இடைவெளியைச் சுருக்கியிருக்க வாய்ப்பில்லை.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாக்கப்பட்டது. 2024இல் அடிப்படை 1,350 ரூபாவாக உயர்ந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாவாக்கவும், அரசு வருகைக் கொடுப்பனவாக 200 ரூபா வழங்கவும் முன்மொழியப்பட்டது. ஆனால் நாட்சம்பளத்தை மட்டும் பார்த்து மாத வருமானத்தை அறிய முடியாது. 1,350 ரூபா வீதம் மாதத்தில் 20 நாள் வேலை கிடைத்தால் 27,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிந்தால் கைக்கு வருவது 24,840 ரூபா. கொழுந்து குறைந்த மாதங்களில் 20 நாளும் கிடைப்பதில்லை. நிர்ணயிக்கப்பட்ட கிலோ அளவை எட்டாத நாள் அரை நாளாகவும் கணக்கிடப்படலாம். அதனால்தான் சம்பள உயர்வு அறிவிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் “எத்தனை நாள்?”, “எத்தனை கிலோ?” என்று தொழிலாளர் கேட்கிறார்கள்.

சட்டத்தில் கிராமம் இல்லாத கிராமம்

ஒரு சாதாரணக் கிராமத்துக்குப் பாதை போட, மின்விளக்கு பொருத்த, மயானத்தைத் துப்புரவு செய்யப் பிரதேச சபை இருக்கிறது. தோட்டம் அப்படியல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர், அந்த மக்களின் லயனுக்கு ஒரு படிக்கட்டு கட்டிக்கொடுக்க முடியாத நிலை மூன்று தசாப்தங்கள் நீடித்தது. இந்தச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களை உள்ளூராட்சியும் காணிச் சீர்திருத்தமும் கணக்கில் எடுக்கவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது, அதில் உழைத்தவர்களுக்கு நிலம் பகிரப்படவில்லை. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் நிலம் 53 வருடக் குத்தகைக்கு வழங்கப்பட்டது. நாடற்றவர் என்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தாலும், காணியற்றவர் என்ற நிலை தொடர்கிறது.

காணியும் முகவரியும் இல்லாமையின் விலை அனர்த்தத்தின்போது தெரியும். மீரியபெத்தையில் முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகச் சொல்லப்பட்டது. பின்னர் எண்ணிக்கை பல தடவை மாறி, நாற்பதுக்கும் கீழே இறங்கியது. இறந்தவர் தொகை குறைந்தது ஆறுதல்தான். ஆனால் ஒரு லயனில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதை உடனே சொல்லக்கூடிய பதிவு எதுவும் கைவசம் இருக்கவில்லை என்பதும் அதில் வெளிப்பட்டது. சேதமடைந்த வீட்டுக்கு நட்டஈடு கோரும்போதும் இதே பிரச்சினைதான். சொந்த வீட்டுக்காரர் உறுதியைக் காட்டுவார். லயன்வாசி எதைக் காட்டுவார்?

மீள்குடியேற்றம் கற்பித்தவை

உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மாகல்தெனியவில் இருந்த தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் தங்கவைக்கப்பட்டனர். சில மாதங்களுக்கு என்று சொல்லப்பட்ட அந்த வாழ்க்கை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீண்டது. 2016இல் மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டி வழங்கப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் 7 பேர்ச்சஸ் காணி, அதாவது சுமார் 1,900 சதுர அடி. தனி வீடு, தனிக் கூரை, தனிக் கழிவறை என்பவை லயனிலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய மாற்றங்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டுமே போதுமான அந்த நிலத்தில் ஒரு மாட்டுப்பட்டிக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ இடம் மிஞ்சாது. மகனுக்குத் திருமணமானால் மீண்டும் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள்.

அந்தப் பகுதியின் ஏனைய லயன்கள் அப்படியே இருந்தன. 2023 மார்ச்சில் அருகிலுள்ள பூனாகலை, கபரகலையில் மண்சரிந்து லயன்கள் சேதமடைந்தன. குடும்பங்கள் மீண்டும் தற்காலிக இடங்களுக்குச் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது, பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அனர்த்தம் நடந்த இடத்துக்கு மட்டும் வீடு கட்டிக்கொடுக்கும் முறை, அடுத்த சரிவுக்காகக் காத்திருக்கும் முறையாகவே இருக்கிறது.

முன்னால் உள்ள வழிகள்

முதலாவது, இடம். அபாய வலயம் என்று ஏற்கனவே அடையாளங்காணப்பட்ட லயன்களில் உள்ள குடும்பங்களே வீடமைப்பில் முதலிடம் பெற வேண்டும். இந்திய உதவியுடன் மலையகத்துக்கு அறிவிக்கப்பட்ட 14,000 வீடுகளில் முதல் 4,000 வீடுகளுக்குப் பின்னர், மிகுதி 10,000 வீடுகளுக்கான வாக்குறுதி 2017இல் நோர்வூட்டில் வழங்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் பயனாளிகளைத் தெரிவுசெய்யும்போது தொழிற்சங்க அங்கத்துவமோ கட்சிச் சார்போ அல்லாமல் மண்ணின் நிலையே அளவுகோலாக வேண்டும். தெரிவுப் பட்டியலைப் பிரதேச செயலகத்தில் பகிரங்கமாக ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது, உறுதி. வீட்டுச் சாவி வேறு, காணி உறுதி வேறு. வங்கிக் கடன், நட்டஈடு, வாரிசுரிமை ஆகிய அனைத்துக்கும் தெளிவான உறுதி வேண்டும். அதில் கணவன், மனைவி இருவரின் பெயரும் இருக்க வேண்டும். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

மூன்றாவது, வருமானம். நாட்டின் தேயிலை உற்பத்தியில் பெரும்பங்கு இன்று சிறுதோட்ட உரிமையாளர்களிடமிருந்து வருகிறது. கம்பனித் தோட்டங்களிலும் சில இடங்களில் தேயிலை மலைகள் தொழிலாளர் குடும்பங்களிடம் பராமரிப்புக்காகப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. இதில் வாய்ப்பும் உண்டு, பொறியும் உண்டு. நிலத்தின் மீது நீண்டகால எழுத்துமூல உரிமையும் கொழுந்துக்கு நியாயமான விலைச் சூத்திரமும் இருந்தால் தொழிலாளி சிறுதோட்டக்காரராக மாறலாம். அவை இல்லாவிட்டால், சேமலாப நிதியையும் பிரசவக் கொடுப்பனவையும் இழந்த நாட்கூலியாகவே மிஞ்சுவார். ஒப்பந்தத்தில் கைச்சாத்திடும் முன் இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். கைவிடப்பட்ட தேயிலை நிலங்களில் பாற்பண்ணைக்கும் மரக்கறிச் செய்கைக்கும் இடமளிக்கலாம். ஆனால் செங்குத்தான சரிவைக் கிளறி மரக்கறி நடுவது மண்ணை மேலும் தளர்த்தும்.

நான்காவது, கல்வி. ஐந்தாம் தரத்தோடு முடியும் பாடசாலையிலிருந்து அடுத்த பாடசாலைக்குப் பல கிலோமீற்றர் நடக்க வேண்டிய பிரிவுகள் இன்னும் உள்ளன. உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைத் தமிழில் படிக்க நகரத்துக்குத்தான் போக வேண்டும். படிப்பை இடையில் விட்ட இளைஞர்கள் கொழும்பின் கடைகளுக்கும் உணவகங்களுக்கும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் செல்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல லயன்களில் அடுப்பெரிகிறது. போவது தவறல்ல, வேறு வழியில்லாமல் போவதுதான் பிரச்சினை. பாடசாலை பஸ் ஒன்றும், பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களில் மாணவர் விடுதியும் இந்தத் தெரிவை மாற்றக்கூடியவை.

கடைசியாக, சபை. 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர் தோட்டத்துக்குள் வேலை செய்யப் பிரதேச சபைக்கு வழி திறந்திருக்கிறது. எந்தப் பிரிவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதைச் சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கோரலாம். தமது லயன் எந்த அபாய வலயத்தில் உள்ளது என்ற அறிக்கையையும் அதே வழியில் பெறலாம். மீரியபெத்தை மக்களுக்கு 2005இலும் 2011இலும் வந்த எச்சரிக்கை அவர்களது கையில் ஓர் ஆவணமாக இருக்கவில்லை. அடுத்த மழைக்கு முன் அந்தத் தாள் ஒவ்வொரு அபாய லயனிலும் இருக்க வேண்டும். அதோடு, போய்ச் சேர வேண்டிய காணியின் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.