புதன்கிழமைச் சந்தை

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் மார்க்கெட் டிரேட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. 1245-ஆம் ஆண்டில் மூன்றாம் ஹென்றி மன்னர் அதற்குச் சந்தை உரிமை வழங்கினார். அன்றுபோல் இன்றும் புதன்தோறும் அங்குச் சந்தை கூடுகிறது. 1651-இல் ஊரின் பெரும்பகுதியைத் தீ விழுங்கியது, மக்கள் வீடுகளை மீண்டும் எழுப்பினர், சந்தையைக் கைவிட்டாரில்லை.

1725-இல் அவ்வூரின் அருகே பிறந்து, அவ்வூர்ப் பள்ளியிற் பயின்ற ராபர்ட் கிளைவ், 1744-இல் கம்பெனி எழுத்தராகச் சென்னை வந்தார்; 1751-இல் ஆர்க்காட்டைக் கைப்பற்றினார். அவர் அடிகோலிய ஆட்சி 1947-இல் முடிவுற்றது. அவர் பிறந்த மண்ணிலோ, இஞ்சி ரொட்டிக்குப் பெயர்பெற்ற அச்சிற்றூரின் எளிய சந்தை முடிவுறவில்லை.

கோட்டை பிடித்தோர் ஆட்சியினும் கூடை சுமந்தோர் வழக்கமே நெடிது வாழ்கின்றது. வந்த ஊரில் வாழும் நாமும், ஆண்டுதோறும் ஒன்றுகூடும் நம் வழக்கத்தை அங்ஙனமே பேணுவோமாக!