இரு பிம்பங்கள் ஒன்றாகும் இடம்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயன்றவர்க்கு, இறைவன் இரண்டு கண்களைப் படைத்ததன் பொருள் உடனே விளங்கும். இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டே பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மனம் கணித்துக்கொள்கிறது. இந்தக் கணக்கைக் கண்ணாடியும் பித்தளையும் கொண்டு செய்துகாட்டும் கருவியே தொலைவுமானி. ரேஞ்ச்ஃபைண்டர் என்ற ஆங்கிலப் பெயரே புகைப்படக்காரர்களிடையே வழக்கில் உள்ளது.

அந்தத் தொலைவுமானியைத் தன்னுள் கொண்டு, கழற்ற இயலாத ஒரே லென்சுடன் 1960களிலும் 1970களிலும் ஜப்பானில் உருவான காமிராக்கள் இன்று பழம்பொருள்கள் ஆகிவிட்டன. ஆயினும் அவற்றைத் தேடிப் பெற்று, பிரித்துத் துடைத்து, மீண்டும் இயங்கச் செய்வோர் பல நாடுகளில் உள்ளனர். ஒரு காலத்தின் சிறப்பும் பிழையும் ஒருங்கே அக்கருவிகளுக்குள் உறைந்திருக்கின்றன. அவற்றைப் பழுது நீக்குபவர் இரண்டையும் ஒருசேரச் சந்திக்க நேர்கிறது.

பீரங்கிக்குப் பிறந்த கண்

தொலைவுமானி முதலில் வளர்ந்தது போருக்காகவே. 1888ஆம் ஆண்டு, காலாட்படைக்கு ஏற்ற தொலைவுமானி தேவை என்று பிரித்தானியப் போர்த்துறை அறிவித்தது. அதைக் கண்டு, லீட்ஸ் நகரில் பேராசிரியர்களாக இருந்த ஆர்ச்சிபால்டு பார், வில்லியம் ஸ்ட்ரவுடு என்னும் இருவர் ஒரு கருவியை வடிவமைத்தனர். படையினர் அதை ஏற்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் கடற்படை அவர்களது கருவியை ஏற்றுக்கொண்டது. எதிரிக் கப்பல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அறியாமல் பீரங்கியைக் குறிவைக்க முடியாது அன்றோ?

கருவியின் இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலம் கூடக் கூட அளவின் துல்லியமும் கூடும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் பெரும் போர்க்கப்பலான யமாட்டோவில் 15 மீட்டர் அகலமுள்ள தொலைவுமானிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைச் செய்து கொடுத்தது நிப்பான் கோகாகு என்னும் ஒளியியல் நிறுவனம். 1945 ஏப்ரலில் யமாட்டோ கடலில் மூழ்கியது. அதே நிறுவனம் 1948இல் நிக்கான் என்ற பெயரில் தன் முதற் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனுள்ளும் ஒரு தொலைவுமானி இருந்தது. அதன் இரு கண்களுக்கும் இடையே சில சென்டிமீட்டர் அகலமே இருந்தது. வாளை அடித்துக் கலப்பைக் கொழு ஆக்கிய கதைகளுள் இதுவும் ஒன்று.

காமிராவினுள் தொலைவுமானி நுழைந்தது அதற்கும் முன்னரே. 1916இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனம், லென்சோடு இணைந்து இயங்கும் தொலைவுமானியை ஒரு காமிராவில் பொருத்தியது. 1932இல் ஜெர்மனியின் லைக்காவும் காண்டாக்சும் அதைச் சிறிய 35 மி.மீ. காமிராவுக்குக் கொண்டுவந்தன. அவை கைக்கு அடக்கமானவை; ஆனால் விலை எளியோர்க்கு எட்டாதது.

அந்த லைக்காவுக்கு நிகராகத் தம் நாட்டிலும் ஒன்று செய்ய வேண்டும் என்று டோக்கியோவில் சிலர் முனைந்தனர். 1934இல் அவர்கள் உருவாக்கிய மாதிரிக் கருவிக்கு இட்ட பெயர் குவானான். கருணையின் வடிவமாக ஜப்பானியர் வணங்கும் போதிசத்துவரின் பெயர் அது. அதன் லென்சுக்கோ புத்தரின் சீடரான காசியபரின் பெயர். குவானான் என்பவர் வடமொழியில் அவலோகிதேசுவரர். இவர் தமிழுக்கும் அந்நியர் அல்லர். அகத்தியர் தமிழைக் கற்றது இந்த அவலோகிதரிடமே என்று புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் கூறுகிறது. உலகின் துயரைக் கண்ணுற்று நோக்குபவர் என்று போற்றப்படுபவரின் பெயர், நோக்கும் கருவி ஒன்றுக்கு அமைந்தது. அப்பெயரே பின்னர்க் கேனன் என்று மருவியது.

எளியோர் கைக்கு வந்த கருவி

போருக்குப் பிந்திய ஜப்பானில் காமிராத் தொழில் தழைத்தது. எனினும் நல்ல காமிரா என்பது சாதாரணச் சம்பளக்காரருக்குக் கனவாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியது 1961 ஜனவரியில் வெளிவந்த கேனோனெட். அதன் விலை 18,800 யென். கடைகளுக்கு அனுப்பிய ஒரு வார இருப்பு இரண்டே மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது என்று கேனன் நிறுவனத்தின் வரலாற்றுப் பதிவு கூறுகிறது.

விலை குறைந்ததன் இரகசியம் என்ன? லென்சைக் கழற்ற முடியாதபடி நிலையாகப் பொருத்தியது ஒரு முக்கியக் காரணம். லென்சு மாற்றும் காமிராவுக்கு, பிலிமின் முன்னே திரைபோல் ஓடும் ஷட்டர் வேண்டும். ஒவ்வொரு லென்சும் தொலைவுமானியோடு பிசகாமல் இணைய வேண்டும். லென்சு ஒன்றே என்றால் இத்தொல்லைகள் இல்லை. பூவிதழ்போல் விரிந்து மூடும் எளிய ஷட்டரை லென்சுக்குள்ளேயே அமைத்துவிடலாம். அது ஓசையும் எழுப்பாது. இவ்வாறு ஒரு வசதியைத் துறந்ததால், மிச்சப்பட்ட செலவை நல்ல லென்சு செய்வதில் இட முடிந்தது.

கேனோனெட்டைத் தொடர்ந்து மினோல்டா, யாஷிகா, கோனிகா, ஒலிம்பஸ் என ஒவ்வொரு நிறுவனமும் இவ்வகையில் காமிராக்களைப் படைத்தன. அவற்றுள் ஒன்று வானத்துக்கும் சென்றது. 1962 பிப்ரவரி 20ஆம் நாள் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றி வந்தபோது உடன் கொண்டுசென்றது, உள்ளூர் மருந்துக்கடை ஒன்றில் வாங்கிய அன்ஸ்கோ ஆட்டோசெட் காமிரா. அன்ஸ்கோ என்ற பெயரில் அதைச் செய்து கொடுத்தது மினோல்டா. விண்வெளிக் கையுறை அணிந்த விரல்கள் இயக்கும்படி அதற்கொரு கைப்பிடி பொருத்தினார்கள். இன்று அது அமெரிக்கத் தேசிய விமான விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

1966இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35 இன்னும் ஒரு படி முன்னே சென்றது. ஒளித்துளையை மட்டும் நாம் தேர்ந்தால் போதும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்சுற்று முடிவு செய்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்பியோர் வழியாக யாஷிகா என்ற பெயர் தமிழ்நாட்டு வீடுகளிலும் பழகியது நம்மில் பலர்க்கு நினைவிருக்கும்.

1977இல் கோனிகா சி35 ஏ.எஃப். என்ற காமிரா வந்தது. தானே குவியத்தைச் சரிசெய்துகொள்ளும் காமிராக்களுள் பெருமளவில் உற்பத்தியான முதலாவது அதுவே. கண்ணால் நோக்கி லென்சைத் திருகும் வேலை அத்தோடு முடிந்தது. ஆயின் அதனுள் இருந்த பொறியும் இரு சாளரங்கள் வழியே இரு பிம்பங்களைப் பெற்று ஒப்பிட்டுப் பார்த்தே தொலைவை அறிந்தது. தொலைவுமானி மறையவில்லை, அதை நோக்கும் வேலைதான் மனிதக் கண்ணிடமிருந்து மின்சுற்றுக்குக் கைமாறியது.

காலம் எதைத் தின்கிறது?

அரை நூற்றாண்டு கழித்து இக்கருவிகளுள் ஒன்றைத் திறந்து பார்ப்பவர் ஓர் உண்மையைக் காண்பார். பற்சக்கரங்கள் பெரும்பாலும் தேயாமல் இருக்கின்றன. லென்சின் கண்ணாடியும் பலவற்றில் தெளிவாகவே இருக்கிறது. அழிந்திருப்பவை பெரும்பாலும் மெல்லிய, மலிவான, கண்ணுக்குப் புலப்படாத சிறு பொருள்களே.

பின்கதவின் ஓரத்தில் ஒளி புகாமல் காத்த நுரைப்பஞ்சு, தார்போல் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துப் புதிய பஞ்சோ கம்பளி நூலோ இட வேண்டும். யாஷிகாவின் உள்ளே நகக்கண் அளவுள்ள ரப்பர்த் துண்டு ஒன்று மக்கிப்போனால், நேரத்தை அளக்கும் ஒழுங்கே குலைந்துவிடும். காமிராவைப் பத்திரமாகக் காக்கவென்று தோலுறையில் இட்டுப் பெட்டியில் வைத்தோமே, அந்தத் தோலுறையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம்முடையதைப் போன்ற கடலோர ஊர்களில் லென்சுக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சை படர்வதற்கு அதுவே வழி.

ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொண்டு விரியாமல் நிற்பது மற்றொரு நோய். இயங்க மறுக்கும் எந்தப் பொறிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது நம் இயல்பு. இங்கோ எண்ணெயே நோய்க்குக் காரணம். வேறு பாகங்களிலிருந்து மெல்லக் கசிந்த எண்ணெய்தான் இதழ்களைப் பிணைத்திருக்கிறது. அதை ஆவியாகும் திரவத்தால் துடைத்து எடுக்க வேண்டுமேயன்றி, மேலும் எண்ணெய் இடலாகாது. தொலைவுமானியின் உள்ளே பாதி ஒளியை விட்டுப் பாதி ஒளியைத் திருப்பும் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் மேற்பூச்சு மிக மெல்லியது. அழுக்கு என்று எண்ணி அழுத்தித் துடைத்தால், அழுக்கோடு பார்வையும் போய்விடும். இப்பணியில் கைத்திறனைக் காட்டிலும் தயக்கமே பெரிய தகுதி.

பாதரசம் என்னும் மரபுரிமை

ஒன்று மட்டும் பஞ்சையோ ரப்பரையோ மாற்றுவதுபோல் எளிதில் தீராது. ஒளியை அளக்க, முதற் கேனோனெட் மின்கலம் வேண்டாத செலினியத்தைப் பயன்படுத்தியது. பின்வந்த காமிராக்கள் பல காட்மியம் சல்பைடுக்கு மாறின. அதற்கு மின்கலம் தேவைப்பட்டது. அன்று எல்லோரும் தேர்ந்தது பாதரச மின்கலம். அது தீர்ந்துபோகும் நாள்வரை ஏறத்தாழ 1.35 வோல்ட் என்ற அளவில் மாறாமல் நிற்கும். அந்த நிலைத்தன்மையை நம்பியே ஒளிமானிகள் வடிவமைக்கப்பட்டன.

அதே ஜப்பானில், கியூஷூ தீவின் மினமாட்டா என்னும் கரையோர ஊரில், 1956 மே மாதம் விளங்காத ஒரு நரம்பு நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. சிஸ்ஸோ என்ற இரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவிலிருந்த பாதரசச் சேர்மம் மீனில் சேர்ந்து, அந்த மீனை உண்ட மக்களைத் தாக்கியிருந்தது. தாயின் கருவிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை. காமிராக்களின் மின்கலத்துக்கும் அத்துயரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் பாதரசம் மண்ணிலும் நீரிலும் கலந்தால் என்ன நேரும் என்பதை உலகுக்கு உணர்த்தியது அவ்வூரே. 1971 முதல் யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அங்குத் தங்கி எடுத்த படங்கள் அம்மக்களின் முகங்களை உலகின் முன் நிறுத்தின. பாதரச மின்கலங்களின் விற்பனையை அமெரிக்கா 1996இல் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்த பாதரச உடன்படிக்கை அந்த ஊரின் பெயரையே தாங்கி, மினமாட்டா உடன்படிக்கை என வழங்குகிறது.

இதனால் பழங்காமிராக்களின் ஒளிமானிகள் தமக்குரிய மின்கலத்தை இழந்தன. இதைக் குறைகூறி வருந்தும் சேகரிப்பாளர்கள் உண்டு. அவ்வருத்தம் நியாயமானதா? ஒரு மீனவக் குழந்தையின் முடங்கிய கைகளுக்கு எதிரே ஓர் ஒளிமானியின் துல்லியத்தை எந்தத் தராசில் வைப்பது? பழையதை மீட்பது என்றால் பழையதில் உள்ள அனைத்தையும் மீட்பது என்று பொருளாகாது. எதை மீட்க வேண்டும், எதைத் திரும்பி வராமல் அடைத்துவிட வேண்டும் என்று பிரித்தறிவதும் பழுதுநீக்கும் கலையின் பகுதியே.

மாற்று வழிகளும் கிடைத்திருக்கின்றன. யாஷிகாவின் பழைய மின்கலம் 5.6 வோல்ட், இன்று கடையில் கிடைக்கும் 6 வோல்ட் மின்கலத்தை ஒரு சிறு இணைப்போடு இட்டால் அதன் சுற்று பிசகின்றி இயங்குகிறது. 1.35 வோல்ட் கேட்கும் காமிராக்களுக்கு, காது கேளாதோர் அணியும் கருவிக்கான துத்தநாகக் காற்று மின்கலம் பொருந்துகிறது. அது ஏறத்தாழ 1.4 வோல்ட் தரும். செவிக்குத் துணையாகச் செய்த மின்கலம் ஒரு பழைய கண்ணுக்குப் பார்வை தருகிறது. அதன் ஆயுள் சில வாரங்கள் அல்லது சில மாதங்களே. அடிக்கடி மாற்ற வேண்டும். தீங்கில்லாமல் வாழ்வதற்கு அந்தச் சிறு தொல்லை நியாயமான விலைதான். பழங்காமிராவின் அடியில் பாதரச மின்கலம் எஞ்சியிருக்கக் கண்டால், அதைக் குப்பையில் எறியாமல் தனியே மூடி வைத்து, மின்கழிவு பெறுவோரிடம் ஒப்படைப்பது நம் கடமை.

இறுதிச் சோதனை

எல்லாம் முடிந்தபின் தொலைவுமானியைச் சரிபார்க்க வேண்டும். மொட்டைமாடிக்குச் சென்று, தொலைவிலுள்ள கோபுரம் ஒன்றையோ முழுநிலவையோ நோக்கி லென்சை முடிவிலிக் குறிக்குத் திருப்புவார்கள். சாளரத்தின் நடுவிலுள்ள மஞ்சள் ஒளித்திட்டில் இரு நிலவுகள் தெரிந்தால், உள்ளிருக்கும் சிறு திருகாணியை இம்மியளவு திருப்ப வேண்டும். இரு நிலவும் மெல்ல நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியும்.

அத்தோடு வேலை முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். தேர்ந்தவர் அங்கே நிறுத்துவதில்லை. ஒரு மீட்டர் தொலைவில் ஒருவரை அமரச் செய்து, அவர் முகத்தை நோக்கியும் இரு பிம்பங்கள் ஒன்றாகின்றனவா என்று பார்ப்பார். தொலைவிலுள்ள நிலவுக்குச் சரியாகி அருகிலுள்ள முகத்துக்குப் பிசகினால், அந்தக் கருவி இன்னும் பழுது நீங்கவில்லை.