பந்தியும் பேச்சும் விரிந்த தரை: பவானி ஜமக்காளம்

நாற்காலி வரிசைகள் திருமண மண்டபங்களை நிரப்புவதற்கு முன், தமிழகத்து வீட்டுக் கூடத்தையும் கல்யாணப் பந்தலையும் விருந்தினருக்குரிய இடமாக மாற்றியது தரையில் விரித்த ஜமக்காளமே ஆகும். காவிரியும் பவானியும் கூடும் பவானி நகரில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேய ஆலைத் துணிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க முனைந்த ஜங்கமர் என்னும் நெசவாளர் சமூகத்தார், தடித்த வண்ணப் பருத்தி நூலைக் கொண்டு இவ்விரிப்பை நெய்யத் தொடங்கினர்.

இதன் அழகு ஊடையில், அதாவது குறுக்கே ஓடும் நூலில் இருக்கிறது. நீளவாக்கில் செல்லும் பாவு நூலை முற்றிலும் மறைக்கும்படி ஊடை நெருக்கி அடிக்கப்படுவதால், சிவப்பும் நீலமும் பச்சையும் கலங்காமல், அகன்ற பட்டைகளாகத் தெளிந்து நிற்கின்றன. காவி பூசிய தரையிலோ சாணம் மெழுகிய முற்றத்திலோ அப்பட்டைகள் விரிந்ததும், யாரும் சொல்லாமலேயே வந்தவர்கள் வரிசையாக அமர்ந்தனர். விலையுயர்ந்த அறைகலன் எதுவும் இத்தனை எளிதாக ஓர் அவையை உருவாக்கியதில்லை எனலாம். செயற்கைப் பட்டு நூலால் கரையில் பூவேலை செய்த மற்றொரு வகை பின்னர் தோன்றியது.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே உரியதாக்கியது. 2005-06இல் பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் சந்தையில் விற்கப்படுவதால், வாங்குவோர் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குவதே நெசவாளருக்குச் செய்யும் உதவியாகும்.